ஜோடி சேர்ந்த துப்பாக்கி

போன வருஷம் மான் வேட்டை சீசன் தொடங்கிய அன்று லைல் சாஸ்ட்ரோ தன் கூடப்பிறந்த அண்ணன் ஆர்வினின் முன்பல்லை ஒரே குத்தில் உடைத்தான். காரணம், டர்னிப்.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எங்கள் விஸ்கான்சின் பக்கத்தில் இதைவிட அற்பக் காரணத்துக்கெல்லாம் தாடை உடைந்திருக்கிறது. ஆர்வினுக்கு வாழ்க்கையில் இரண்டே பைத்தியம். ஒன்று, வீட்டுக்குப் பின்னால் காட்டை ஒட்டிய சரிவில் மான்களுக்கென்றே அவன் போட்ட தோட்டம். மனுஷன் தின்ன ஒரு காய் கிடையாது அதில். க்ளோவர் புல், கம்பு, டர்னிப் கிழங்கு எல்லாம் மான் வாய்க்கு. மண்ணைச் சோதனைக்கு அனுப்புவான், சுண்ணாம்பு மூட்டையை முதுகில் சுமந்து போய்க் கொட்டுவான், குனிந்து குனிந்து கல் பொறுக்குவான். வீட்டுக் கூரை ஒழுகும், அதைப் பார்க்க நேரமிருக்காது. இரண்டாவது பைத்தியம், நிலவறையில் அவன் சேர்த்து வைத்திருந்த பழைய துப்பாக்கிகள். அவன் மனைவி டிலோரஸ் ஒரு நாள் கீழே இறங்கி அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு மில்வாக்கியில் தங்கை வீட்டுக்குப் போனாள். போனவள் போனவள்தான்.

அப்பா செத்த பிறகு நிலத்தை அண்ணனும் தம்பியும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டு நடுவில் முள்வேலி போட்டார்கள். அந்த வேலியை ஒட்டித்தான் ஆர்வினின் தோட்டம். போன வருஷம் இலையுதிர் காலம் முழுக்க அவன் டர்னிப்பைத் தின்று கொழுத்த ஒரு கொம்பன் மான், சீசன் தொடங்கிய காலையில் வேலியைத் தாண்டிப் போய் லைலின் குண்டுக்கு விழுந்தது. ஆர்வின் வேலி ஏறிக் குதித்து வந்தான். யாரையும் கேட்காமல் கத்தியை உருவி மானின் இரைப்பையைக் கிழித்தான். ஆவி பறக்கப் பச்சைக் கூழ் கொட்டியது. அதில் கையை விட்டுத் துழாவி ஒரு பிடி டர்னிப் துண்டை எடுத்துத் தம்பியின் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"பாருடா. நல்லா மோந்து பாரு. இது யாரு மானு?"

"வயித்துல என்ன இருக்குன்னு பார்த்து மானைப் பங்கு போடுற ஊரு எதுன்னு சொல்லு, நானும் அங்க போறேன்," என்றான் லைல். "முதல் ரத்தம் யாருது? என்னுது. மானும் என்னுது."

எங்கள் பக்கத்துச் சட்டம் அதுதான். யார் குண்டு முதலில் ரத்தம் பார்த்ததோ, மான் அவனுக்கு. அது எங்கே போய் விழுந்தாலும் சரி, கடைசிக் குண்டு யாருடையதாக இருந்தாலும் சரி. லைல் சொன்னது நியாயம். நியாயம் என்பதால்தான் ஆர்வினுக்கு அத்தனை எரிச்சல். கையிலிருந்த கூழைத் தம்பியின் கன்னத்தில் அப்பினான். குத்து விழுந்தது. அறுபது தாண்டிய இரண்டு கிழவர்கள் குடல் மேல் விழுந்து புரண்டார்கள். லைலின் மனைவி மார்லிஸ் மண்வாரிக் கம்போடு வந்து இருவர் முதுகிலும் மாறி மாறிச் சாத்திய பிறகே சண்டை நின்றது.

அப்படியும் இந்த வருஷம் செப்டம்பரில், சீசனுக்கு முன்னால் சுட்டுப் பார்த்துக் குறியைச் சரிசெய்து முடித்ததும், லைல் தன் துப்பாக்கியைத் துடைக்க அண்ணனிடம்தான் கொண்டுவந்தான். சாஸ்ட்ரோ குடும்பத்தில் யாருடைய துப்பாக்கியானாலும் ஆர்வின்தான் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டுத் தருவான். அடிதடி வேறு, துப்பாக்கி வேறு. இத்தனை வருஷத்தில் லைல் ஒரு தடவைகூட அதை வாங்கிக்கொண்டு போய்ச் சரிபார்த்ததில்லை. அண்ணன் கைபட்ட துப்பாக்கியில் பார்க்க என்ன இருக்கிறது?

லைல் வைத்திருந்தது அப்பாவின் துப்பாக்கி. யுத்தம் முடிந்தபோது ஜெர்மனியிலிருந்து அப்பா கொண்டுவந்த மவுசர். சரணடைந்த சிப்பாய்கள் துப்பாக்கிகளை ஒரு குவியலாகவும், அவற்றின் தாழ்களைக் கழற்றி வேறு குவியலாகவும் போட்டார்களாம். தாழ் என்றால் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பின்வாயை இறுக்கி அடைக்கிற இரும்பு. அது இல்லாத துப்பாக்கி வெறும் தடி. எங்கள் ஆட்கள் ஊருக்குத் திரும்பும்போது ஒரு குவியலில் துப்பாக்கியை எடுத்தார்கள், இன்னொரு குவியலில் கைக்கு வந்த தாழை எடுத்துச் செருகினார்கள். துப்பாக்கியில் அடித்த எண்ணும் தாழில் அடித்த எண்ணும் ஒன்றா என்று பார்க்க யாருக்குப் பொறுமை?

ஆர்வினுக்கு இருந்தது. இந்த வருஷம் வசந்தத்தில் எல்ராய் கூன் என்ற கிழவர் இறந்துபோனார். அப்பாவும் அவரும் ஒரே படையில் இருந்து, ஒரே குவியலில் துப்பாக்கி எடுத்தவர்கள். எல்ராயின் மகள், வீட்டில் கிடந்து துருப்பிடிப்பதற்கு உங்களிடமே இருக்கட்டும் என்று அவருடைய மவுசரை ஆர்வினிடம் தந்துவிட்டாள். லைலின் துப்பாக்கியைத் துடைக்கப் பிரித்தபோதுதான் ஆர்வின் பார்த்தான். எல்ராய் துப்பாக்கியின் சட்டத்தில் என்ன எண் அடித்திருந்ததோ, அதே எண் அப்பா துப்பாக்கியின் தாழில் இருந்தது. யுத்தக் களத்தில் பிரிந்த ஜோடி, ஒரே மேஜை மேல். பழைய துப்பாக்கி சேர்க்கிறவனுக்கு இதைவிடப் பெரிய போதை கிடையாது.

அன்றே தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டான். திருட்டுப் புத்தி முதலில் வந்ததில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.

"டேய், இந்தத் தாழை எனக்குக் குடுத்துடு. எல்ராய் துப்பாக்கியோட ஜோடிடா இது. உனக்கு வேற நல்லதாப் பார்த்துப் பொருத்தித் தரேன்."

"அப்பா கைபட்ட இரும்பு அது," என்றான் லைல். "நீ மார்லிஸையே குடுன்னு கேளு, ரெண்டு நாள் யோசிக்கிறேன். இதைக் கேக்காதே. தொடைச்சுக் குடு பெரியவரே, போதும்."

ஆர்வின் துடைத்தான். துடைத்துவிட்டு அப்பாவின் தாழைக் கழற்றி எல்ராய் துப்பாக்கியில் செருகினான். எல்ராய் துப்பாக்கியில் இருந்த ஊர்பேர் தெரியாத தாழை லைலின் துப்பாக்கியில் செருகினான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பழக்க தோஷம், அளவுக்கட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தான். தோட்டா வடிவத்தில் ஒரு சின்ன இரும்புக் கட்டை அது. அதை உள்ளே வைத்துத் தாழை இறக்கினால் தாழ் மூடக் கூடாது. மூடினால் பின்னால் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கூடு கிழிந்து நெருப்பு பின்பக்கம் வரும், சுடுகிறவன் முகத்துக்கு.

தாழ் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி மூடியது.

அவன் மறுபடியும் போட்டுப் பார்த்தான். மறுபடியும் மூடியது. ஜோடி சேர்ந்த எல்ராய் துப்பாக்கியைத் திரும்பிப் பார்த்தான். சுவரில் எத்தனை அழகாக இருந்தது! சீசனுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் வேறு தாழ் கிடைத்தால் மாற்றிவிடலாம், கிடைக்காவிட்டால் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொள்வதற்கு என்ன செலவு? அதன் பிறகு டர்னிப்புக்குக் களை எடுக்கிற வேலை வந்துவிட்டது.

நவம்பரில் லைல் துப்பாக்கி வாங்க வந்தான். சொல்லிவிடவேண்டும் என்றுதான் ஆர்வின் வாயைத் திறந்தான். கடவுள் சாட்சியாக, திறந்தான்.

"என்ன பெரியவரே, பல்லு கட்டிக்கிட்டியா? சிரி பார்க்கலாம்," என்றான் லைல்.

"லைல், இந்தத் துப்பாக்கில…"

"இரு, முதல்ல நான் ஒண்ணு சொல்லிடுறேன். பரண் கட்டிட்டேன். வேலி ஓரத்துலயே, தெற்கு மூலையில. உன் தோட்டம் மொத்தமும் தெரியுது. டர்னிப் நல்லா வந்திருக்கு இந்த வருஷம். கோணக்கொம்பன் தினமும் வரான் போலிருக்கே? நல்லா ஊட்டி வளர்த்து வை. வேலி தாண்டினான்னா நான் பார்த்துக்கறேன்."

கோணக்கொம்பன் என்பது ஒரு கொம்பு நேராகவும் ஒரு கொம்பு கீழ்நோக்கியும் வளர்ந்த கிழட்டு மான். ஆர்வின் அதற்கு நாலு வருஷமாகத் தீனி போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவன் மூஞ்சியில் வெடித்தால்தான் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. வந்து போகவில்லை, உட்கார்ந்துகொண்டது. அவன் துப்பாக்கியை எடுத்துத் தம்பியிடம் நீட்டினான்.

"என்னமோ சொல்ல வந்தியே?"

"எண்ணெய் கொஞ்சம் அதிகமாப் போட்டிருக்கேன். தொடைச்சுக்கோ," என்றான் ஆர்வின்.

சீசன் தொடங்கிய காலையில் புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. பனி அடித்தால்தான் டர்னிப் இலை இனிக்கும், மான்கள் விழுந்து விழுந்து தின்னும். ஆர்வின் தோட்டத்தின் கிழக்கு ஓரத்தில் மரத்தின் மேலிருந்த தன் பரணில் உட்கார்ந்திருந்தான். மடியில் எல்ராய் துப்பாக்கி, அதற்குள் அப்பாவின் தாழ். புதிதாகச் சேர்ந்த துப்பாக்கியைத்தான் முதல் நாள் எடுத்துவருவது அவன் வழக்கம்.

வெளிச்சம் வந்ததும் தூரக்கண்ணாடியை எடுத்து வேலியின் தெற்கு மூலையைப் பார்த்தான். ஆரஞ்சுச் சட்டை தெரிந்தது. லைல் ரொட்டியில் சாஸேஜ் வைத்துத் தின்றுகொண்டிருந்தான். மடியில் அப்பாவின் துப்பாக்கி. ஆர்வின் அதுவரை உள்ளுக்குள் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தான், அவன் வேறு துப்பாக்கி எடுத்துவருவான் என்று. அந்த நம்பிக்கை போயிற்று.

கத்தினால் கேட்கும் தூரம்தான். "லைல், சுடாதே" என்று இரண்டு வார்த்தை. ஆனால் கத்தினால் மான் வராது. இன்றைக்கு மட்டுமல்ல, அந்தக் கிழட்டுக் கொம்பன் இந்தச் சீசன் முழுக்க இந்தப் பக்கமே தலைகாட்டாது. ஆர்வின் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு தட்டில் தம்பியின் முகம், இன்னொரு தட்டில் ஒரு மான். தராசு எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது.

முதலில் பெட்டை மான்கள் வந்து வேலியைத் தாண்டிப் போயின. லைல் அசையவில்லை. பெட்டையைச் சுடுகிறவன் இல்லை அவன். பிறகு வடக்கு மூலையில் புதர் விலகியது. கோணக்கொம்பன் வெளியே வந்து நின்று மூக்கை உயர்த்தியது. கழுத்து தடித்து, ரோமம் கறுத்து, நாலு வருஷத் தீனி உடம்பெல்லாம் தெரிந்தது. டர்னிப்பைத் தொடக்கூட இல்லை. பெட்டைகளின் வாசனை பிடித்துக்கொண்டு நேரே வேலியைப் பார்த்து நடந்தது.

தென்மூலையில் லைல் ரொட்டியைக் கீழே வைத்தான்.

வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும்வரை அவன் தொடமாட்டான். தாண்டினால் சுடுவான். அப்போதுதான் ஆர்வினுக்கு ஒரு யோசனை வந்தது. அது மகா புத்திசாலித்தனமாகவும் தோன்றியது. இப்போதே நானே சுட்டு இங்கேயே வீழ்த்திவிட்டால் லைல் விசையைத் தொட வேண்டிய அவசியமே இல்லையே! மானும் கிடைக்கும், தம்பியும் பிழைப்பான், வாயைத் திறக்கவும் வேண்டாம். குறுக்கே யாருமில்லை. துப்பாக்கியைத் தூக்கினான். அவசரம். கொம்பன் வேலியை நோக்கி வேகமெடுத்துவிட்டது. சுட்டான்.

தோளுக்குப் பின்னால் படவேண்டிய குண்டு பின்தள்ளி வயிற்றில் பட்டது. கொம்பன் முதுகைக் கூனிக்கொண்டு, பின்னங்கால்களை உதறி, ஒரு சத்தம் போட்டது. வேலியைத் தாண்டும்போது கிழிந்த வயிற்றிலிருந்து குடல் சரிந்து முள்ளில் மாட்டிக்கொண்டது. அது நிற்காமல் இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு பாகம் குடல் கம்பியிலேயே தொங்கிற்று. வேலியோரமாக, தெற்கே, நேராக லைலின் பரணைப் பார்த்து ஓடியது.

அப்போதுதான் ஆர்வினுக்கு உறைத்தது. அடிபட்ட மான் பக்கத்து நிலத்துக்குள் வந்தால், அந்த நிலத்துக்காரன் அதை முடித்துத் தரவேண்டும். எங்கள் பக்கத்தில் அது மரியாதை. எதிரியின் மானானாலும் தவிக்க விடக்கூடாது. லைல் இப்போது சுடாமல் இருக்கவே மாட்டான். சுட வைத்தது ஆர்வின்தான்.

"லைல்! சுடாதே! சுடாதேடா!"

லைல் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் அழுத்திக் குறி வைத்தான். விசையை இழுத்தான்.

துப்பாக்கிச் சத்தம் மாதிரி இல்லை அது. தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு அறை. லைலின் முகத்தருகே மஞ்சளாக ஒரு நெருப்பு எழுந்தது. கட்டை இரண்டாகப் பிளந்து பறந்தது. அவன் பரணிலிருந்து பக்கவாட்டில் சரிந்து, கிளையில் மோதி, தரையில் விழுந்தான்.

ஆர்வின் எப்படி இறங்கினான், எப்படி வேலியைத் தாண்டினான் என்று அவனுக்கே தெரியாது. முள்ளில் தொடை கிழிந்தது. ஓடிப் போய்ப் பார்த்தபோது லைல் முட்டி போட்டு உட்கார்ந்து தன் முகத்தைத் தேடுகிறவன் போலத் தடவிக்கொண்டிருந்தான். வலது கண் இருந்த இடம் ஒரு குழி, அதில் ரத்தம் கொப்பளித்தது. கன்னத்தில் பித்தளைத் துணுக்குகள் பதிந்து மினுக்கின. இடது கண் வீங்கி மூடிக்கொண்டு வந்தது, அதிலும் கருமருந்துக் கரி. இடது கையில் கட்டைவிரல் தோலில் மட்டும் தொங்கியது. சுட்ட மயிரின் நாற்றம்.

"யாரு? ஆர்வினா?"

"நான்தான்டா. அசையாதே. அசையாதே."

"மான் எங்க?"

கோணக்கொம்பன் பக்கத்திலேயே கிடந்தது. லைலின் குண்டு எங்கோ போய்விட்டது. அது முன்னங்கால்களால் எழப் பார்த்து எழப் பார்த்து விழுந்து, கன்றுக்குட்டி மாதிரி கத்திக்கொண்டிருந்தது.

"முதல்ல அதை முடி," என்றான் லைல். வாயில் வந்த ரத்தத்தைத் துப்பினான். "கத்துறது காதுல விழுது. முடி, ஆர்வின்."

ஆர்வின் துப்பாக்கியைத் தூக்கிக் குறிகூடப் பார்க்காமல் சுட்டான். முதல் குண்டு கழுத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. இன்னும் கத்தியது. கிட்டப் போய்க் காதுக்குப் பின்னால் வைத்துச் சுட்டான். சத்தம் நின்றது. அவன் முகமெல்லாம் தெறித்தது.

சட்டையைக் கழற்றித் தம்பியின் முகத்தைச் சுற்றிக் கட்டினான். கைக்குட்டையால் கையைக் கட்டினான். தொலைபேசியில் சிக்னல் இல்லை. வேலியோரமாகவே நடந்தால் லைலின் வீடு. தோளில் தாங்கிக்கொண்டு நடத்தினான்.

"உன் மான்தான்," என்றான் லைல். "முதல் ரத்தம் உன்னுது. நான் திருடறதுக்குச் சுடலை, உனக்காகத்தான் சுட்டேன். கேக்குதா?"

"கேக்குது."

"தப்பு என்னுதுதான். பழைய தோட்டாக் கூட்டுலயே திரும்பத் திரும்ப மருந்து ரொப்பிக்கிட்டிருந்தேன். மார்லிஸ் அப்பவே சொன்னா, பித்தளை தேஞ்சுபோச்சு, தூக்கிப் போடுன்னு. கஞ்சத்தனம். நீ தலையை ஒடைச்சுக்காதே. நீ பார்த்துக் குடுத்த துப்பாக்கியில ஒரு குறையும் இருந்திருக்காது."

ஆர்வினுக்கு மூச்சு வந்தது. பாருங்கள், அந்த நேரத்திலும் மூச்சு வந்தது. கேட்காமலே தம்பி வழியைத் திறந்துவிட்டான். பிளந்த துப்பாக்கியைத் திரும்பிப் போய் எடுத்துத் தாழை ஏதாவது ஏரியில் எறிந்துவிட்டால், செத்துப்போகிறவரை யாருக்கும் தெரியாது. அவன் மனசுக்குள் அந்த வழியில் கொஞ்ச தூரம் நடந்தும் பார்த்தான். தோளில் தம்பியின் தலை சாய்ந்திருந்தது. அந்தக் கனம் தாங்கவில்லை.

"லைல். அது தோட்டா இல்ல."

"என்ன?"

"தாழ். அப்பா தாழ் உன் துப்பாக்கில இல்ல. என்கிட்ட இருக்கு. நான் மாத்திட்டேன்."

லைல் நின்றான். "கவனிக்காம மாத்திட்டியா?"

பொய் சொல்ல அதிலும் ஓர் இடம் இருந்தது.

"அளவுக்கட்டை வெச்சுப் பார்த்தேன். மூடுச்சு. தெரியும் எனக்கு."

"தெரிஞ்சு குடுத்தியா?"

"தெரிஞ்சுதான்டா குடுத்தேன்."

லைல் தோளிலிருந்து கையை எடுத்தான். நல்ல கையை முஷ்டியாக்கிக் குரல் வந்த திசையில் ஓங்கி வீசினான். கண் தெரியாத குத்து, காற்றைக் குத்திவிட்டுத் தடுமாறிக் கீழே விழுந்தான். ஆர்வின் பிடிக்கப் போனான்.

"தொடாதே."

"ரத்தம் போயிக்கிட்டிருக்குடா…"

"தொட்டா இங்கேயே கெடந்து சாவேன். என் தாழைக் குடு."

ஆர்வின் துப்பாக்கியிலிருந்து தாழை உருவினான். மூன்று குண்டு சுட்ட சூடு அதில் இன்னும் இருந்தது. தம்பியின் உள்ளங்கையில் வைத்தான். லைல் அதைத் தடவிப் பார்த்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தவழ்ந்து போய் வேலிக் கம்பியைப் பிடித்து எழுந்தான். கம்பியை விடாமல் நடக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு முள்ளும் கையில் ஏறி இறங்கியது. கம்பம் வந்தபோதெல்லாம் கட்டிப்பிடித்து அந்தப் பக்கம் போய்த் திரும்பக் கம்பியைத் தேடிப் பிடித்தான். ஆர்வின் பின்னாலேயே வந்தான்.

"அங்க ஒரு குழி இருக்கு, இடது பக்கம்…"

"பேசாதே."

குழியில் விழுந்தான். எழுந்தான். ஆர்வின் அவனைத் தொடாமல் அழுதுகொண்டே வந்தான், சத்தம் வராமல்.

வீட்டருகே மார்லிஸ் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். தீனிச் சட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். புருஷனைக் கட்டிப்பிடித்து முகத்தில் கட்டியிருந்த சட்டையை விலக்கிப் பார்த்தாள், அலறவில்லை, அவனை வண்டிக்கு நடத்திக் கதவைத் திறந்து உட்கார வைத்தாள்.

"என்ன ஆச்சு லைல்? யாரு சுட்டது? சொல்லு!"

"அவன் வந்திருக்கான்ல," என்றான் லைல். "அவனைக் கேளு. அவனே சொல்லட்டும்."

மார்லிஸ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்வினைத் திரும்பிப் பார்த்தாள். தாழ் இல்லாத துப்பாக்கியை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு அவன் அவளிடம் சொல்ல ஆரம்பித்தான்.